முகேஷைக் கண்டுபிடித்தவர்

இன்று நாம் பார்க்கப்போகிற இனத்துக்குக் 'கண்டுபிடித்தவர்' என்று பெயர். விஞ்ஞானி என்று நினைத்து எழுந்து நின்றுவிடாதீர்கள். பம்புசெட்டோ பல்போ இவர் கண்டுபிடித்ததில்லை. இவர் கண்டுபிடிப்பது ஆட்களை. அதுவும் ஊர் மொத்தமும் அந்த ஆளைப் பார்த்து, கைதட்டி, ரீல்ஸ் போட்டு, அலுத்துப்போய் உட்கார்ந்த பிறகு, 'அவனா? அவனை எனக்கு அப்பவே தெரியுமே' என்று ஆரம்பிப்பார். அந்த 'அப்பவே' எப்போது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் உங்களுக்குக் காபி வராது.

எல்லா ஊரிலும் இருக்கிறவர்தான். மதுரை மண்ணில் கொஞ்சம் செழிப்பாக வருகிறார். இங்கே ஒரு பையன் கபடியில் ஜெயித்தாலும் சரி, அரசு வேலைப் பரீட்சையில் தேறினாலும் சரி, காணாமல் போன பர்ஸை எடுத்துக் கொடுத்தாலும் சரி, மறுநாள் காலை முக்கில் ஒரு ஃப்ளெக்ஸ் நின்றாக வேண்டும். அதில் சாதித்தவன் படம் தீப்பெட்டி அளவு. அவனைக் கண்டுபிடித்தவர் படம் கதவு அளவு. வெள்ளைச் சட்டை, காதில் போன், எங்கேயோ அவசரமாக நடந்து போகிற பாவனை. எங்கே போகிறார்? அடுத்த ஆளைக் கண்டுபிடிக்கத்தான்.

நம்முடைய கண்டுபிடித்தவர் பெயர் அசோக்குமார். கோச்சடையில் சொந்த வீடு, மனை வாங்கி விற்கும் தொழில், நகர் நலச் சங்கத்தில் செயலாளர் பதவி. அவர் கண்டுபிடித்த ஆள் முகேஷ். மேடையில் அவனுக்கு 'கொடிக்கால்' என்று பெயர். ராப் பாடுகிறவன். பாடுகிறவன் என்று எழுதினால் பாட்டு ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். பேசுகிறவன் என்று எழுதினால் அவன் ரசிகர்கள் வருவார்கள். இரண்டு கூட்டமும் மோதிக்கொள்ளும் இடத்தில்தான் அவன் பிழைப்பு ஓடுகிறது.

இந்த இருவருக்கும் நடுவில் ஒரு நாள் ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. அந்தக் கையெழுத்து விழாவிட்டால் முகேஷுக்குப் பொங்கல் ஜெயிலில்தான் என்று ஆகிவிட்டது. அந்தக் கதைக்குத்தான் போகப்போகிறோம். ஆனால் கண்டுபிடிப்பு எப்படி நிகழ்ந்தது என்பதை முதலில் சொல்லாவிட்டால் அசோக்குமார் கோபித்துக்கொள்வார்.

முகேஷின் இளமைக் காலத்துக்கு இன்றைக்கு ஏழெட்டு வரலாறுகள் புழக்கத்தில் இருக்கின்றன. நடந்தது ஒன்றுதான். சோழவந்தானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா செல்லக்கிளி கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போகிறவர். லீவு நாட்களில் பையனும் கூடப் போவான். போய் என்ன செய்தான்? பேட்டிகளின்படி, பிஞ்சுக் கையால் வெற்றிலை கிள்ளினான். செல்லக்கிளியைக் கேட்டால் வேறு மாதிரி வரும்.

"வேலையா? எலையத் தொட்டாத்தானே! அகத்தியில சாத்தி வச்சிருக்க ஏணியில ஏறி உக்காந்து போனைத் தூக்கிப் பிடிச்சிருப்பான். கீழ டவரு கிடைக்காதாம்."

கொடிக்காலுக்குள் வெற்றிலைக் கொடி படர்கிற மரம் அகத்தி. அதில் சாய்த்த ஏணியின் உச்சியில், சிக்னல் வருகிற ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாத தேசத்துப் பையன்கள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதை முகேஷ் கேட்டுக்கொண்டிருந்தான். இதுதான் உண்மை. இந்த உண்மையை ஒரு டி.வி. நிருபர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

"வெத்தலை அடுக்கும்போது வர்ற தாளம்தானே ப்ரோ உங்க ஃப்ளோ?"

"இல்லண்ணே, போன்ல கேட்டதுதான்."

"அம்மா இலை எண்ணுற சத்தம்... அது உங்களை என்னமோ பண்ணியிருக்கும்ல?"

"எண்ணும்போது பேசினா அடிக்கும்ணே."

மறுநாள் தலைப்பு: 'வெற்றிலைத் தாளத்தில் பிறந்த புரட்சிக் குரல்'. நிருபரும் இந்த இனம்தான் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரின் வழுக்கையைப் பற்றி எதுகை மோனையோடு பாடி, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டான். அதே பள்ளிக்கூடத்து வாசலில் இன்று 'எங்கள் மாணவர்' என்று அவன் படம் நிற்கிறது. அப்போதும் வெளியேதான் நிறுத்தினார்கள், இப்போதும் வெளியேதான் நிறுத்தியிருக்கிறார்கள். மரியாதை மட்டும் கூடியிருக்கிறது.

பாலிடெக்னிக் முடித்தான். வேலை கிடைக்கிறவரை என்று சொல்லிக்கொண்டு பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் சேர்ந்தான். அப்படிப் போன வீடுகளில் ஒன்றுதான் கோச்சடை அசோக்குமார் வீடு. அங்கே வைத்துத்தான் முதல் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்த அசோக்குமார், சால்னா ஒரு பாக்கெட் குறைகிறது என்று கண்டுபிடித்தார். பையனை வாசலிலேயே நிற்கவைத்து விசாரித்தார். போனில் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். 'என் வீட்டு வாசல்படி மிதிச்சு வளந்த பய' என்று இன்று அவர் சொல்வதைப் பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. வாசல்படியை மிதித்தது நிஜம். அதற்கு மேல் மிதிக்க விடவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது கண்டுபிடிப்பு, மைக்.

நகர் நலச் சங்கத்தின் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லியே நெடுநேரம் ஆகியிருந்தது. கோலப் போட்டியில் பரிசு பெற்றவர்கள் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் நாற்காலிகளை அடுக்கி ஏறி விளையாடுகிறார்கள், மேடை காலி. மைக்செட் போட்டிருந்தவர் சமயநல்லூர் சோலை. தன் மைக்கை யாராவது ஊதிப் பார்த்தால்கூடத் துண்டால் துடைத்து வைக்கிறவர். எங்கேயோ பிரியாணி கொடுத்துவிட்டு வந்த வழியில் கூட்டத்தைப் பார்த்து நின்ற முகேஷ், "அண்ணே, ரெண்டே நிமிசம்ணே" என்று அவரிடம் கெஞ்ச, அவரும் சரி என்று தலையாட்ட, ஏறிவிட்டான். பாட ஆரம்பித்ததும் நாற்காலிமேல் ஏறியிருந்த குழந்தைகள் இறங்கின. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு தாத்தா காதில் கைவைத்துக்கொண்டாலும் எழுந்து போகவில்லை. அந்த நேரம் பார்த்து விருந்தினரின் கார் ஹாரன் அடித்தது.

"டேய் தம்பி, யார்றா உன்னைய ஏத்திவிட்டது? எறங்கு, எறங்கு!" என்று அசோக்குமார் ஓடிவந்தார்.

"இன்னும் நாலு வரிதாண்ணே."

"நாலு வரிய வீட்ல போயி உங்காத்தாட்டப் பாடு. சோலையண்ணே, ஒயரப் புடுங்குங்க!"

சோலை அசையவில்லை. அசோக்குமாரே பிடுங்கினார். அவர் இழுத்த வேகத்தில் முகேஷ் கையிலிருந்த மைக் எகிறி மேடையின் இரும்புக் குழாயில் விழுந்து தலை நசுங்கியது. சோலை பேசிய பேச்சு முழுவதும் பையனுக்குத்தான் விழுந்தது. செயலாளரை வைய முடியுமா? அடுத்த வருஷமும் அவருக்கு அந்த விழாவில் மைக்செட் போட வேண்டும். அன்றிலிருந்து சோலையின் வாயில் முகேஷுக்குப் பெயர் 'மைக்கு நசுக்கி'.

'முதன்முதல்ல அவன் கையில மைக்கைக் குடுத்ததே நான்தான்' என்று அசோக்குமார் பின்னாளில் ஊருக்கெல்லாம் சொன்னாரே, அது இந்தச் சம்பவம்தான். கொடுப்பதற்கும் பிடுங்குவதற்கும் நடுவில் இருப்பது ஒரு ஒயர். அதைப் போய்ப் பெரிதுபடுத்தலாமா?

பிறகு வைகைப் பாலத்துக்கு அடியில் நின்று முகேஷ் பாடிய பாட்டு ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. 'படியேறி வா' என்று பெயர். அடுக்குமாடி வீடுகளில் சாப்பாடு கொண்டுவருகிறவன் லிஃப்டில் ஏறக் கூடாது, ஏழாவது மாடியானாலும் படியேறித்தான் வர வேண்டும் என்பதைப் பற்றிய பாட்டு. லிஃப்டில் ஏறிப் போகிறவர்கள்தான் அதை அதிகம் கேட்டார்கள். ஏழு மாடிக்கும் பொழுது போக வேண்டாமா?

பாட்டு பெரிசானதும் கண்டுபிடித்தவர்கள் கிளம்பினார்கள். மொபைல் ரீசார்ஜ் செய்துகொடுத்தவர், பஞ்சர் ஒட்டியவர், ஒரே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்தவர், வராதவர் என்று ஆளாளுக்குக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அசோக்குமார் முன்னால் நிற்க முடியுமா? ஒரு கல்யாண வீட்டில் முகேஷை மடக்கி, அவன் கை தன் தோளில் விழும்படி தானே எடுத்துப் போட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோவைக் கோச்சடை முக்கிலும் சமயநல்லூர் ரோட்டிலும் ஃப்ளெக்ஸாக நிறுத்தி, 'எங்கள் மண்ணின் கண்டுபிடிப்பே!' என்று எழுதினார்; அந்த வரியிலிருந்து ஒரு அம்புக்குறி வந்து எதில் முடிகிறதென்றால், முகேஷில் இல்லை, அசோக்குமாரில் முடிகிறது. மனை பார்க்க வருகிறவர்களிடம் கிழக்குப் பார்த்த வாசலைக் காட்டுவதற்கு முன்னால் முகேஷின் பாட்டைப் போட்டுக்காட்டி, போனின் ரிங்டோனையும் அதுவாகவே வைத்து, யாராவது கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தால், "இரு, அவனுக்கே போன் போடுறேன்" என்று காதில் வைத்து, எதிர்முனை எடுக்காது என்று தெரிந்தே காத்திருந்து, "ரெக்கார்டிங்ல இருப்பான் பயபுள்ள" என்று பாசமாகச் சலித்துக்கொள்வார்.

அவன் நம்பர் அவரிடம் இல்லை.

இப்படியே போயிருந்தால் எல்லோரும் சௌக்கியமாக இருந்திருப்பார்கள். முகேஷ் அடுத்த பாட்டைப் போட்டான்.

அவன் ஊர்த் திருவிழாவில் சாமி சப்பரம் ஒவ்வொரு தெருவாக வரும். முகேஷின் தெரு முக்கு வந்ததும் திரும்பிவிடும். வெகுகாலமாக அப்படித்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள்? முகேஷ் கேட்டுவிட்டான். பாட்டில் ஒரு வசவு கிடையாது, ஒருவர் பெயர் கிடையாது. ஊர் சுத்தி வந்த சப்பரம், எங்க முக்குல மட்டும் சக்கரம் மக்கரா என்று நேராகச் சாமியிடமே விசாரிப்பதுபோல எழுதியிருந்தான். சாமி ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு மனம் புண்பட்டது.

ஒரு புகார், இரண்டு புகார், ஒரு மறியல். டி.வி.யில் நான்கு பேர் நான்கு கட்டங்களுக்குள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்தினார்கள். அமைதியைக் குலைத்தான் என்று வழக்குப் போட்டு முகேஷைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

விடிவதற்குள் பழைய ஃப்ளெக்ஸ் எல்லாம் காணாமல் போனது. இதுவரைக்கும் நீங்களே எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் அசோக்குமார் வெறுமனே ஒதுங்குகிற ரகம் இல்லை. மனை வாங்குகிறவர்களில் மனம் புண்பட்டவர்கள் அதிகம். ஆகவே, ஃப்ளெக்ஸ் கடை சூரியபிரகாஷுக்குப் போன் போட்டார்.

"தம்பி, அவசரமா ஒரு கண்டனம் அடிக்கணும். 'பண்பாட்டைச் சீரழிக்கும் பாடகனை வன்மையாகக் கண்டிக்கிறோம்'னு போடு. நம்ம படத்தைப் பெரிசாப் போட்டுரு."

"எந்தப் படம்ணே?"

"நல்ல படமாப் பாத்துப் போடுப்பா. சிரிச்ச மாதிரி வேணாம்."

சூரியபிரகாஷின் கம்ப்யூட்டரில் இருந்த நல்ல படம் ஒன்றே ஒன்றுதான். கல்யாண வீட்டில் எடுத்தது. கடையில் அன்றைக்கு மூன்று காதணி விழா, ஒரு கண்ணீர் அஞ்சலி என்று வேலை குவிந்து கிடந்தது. அவன் அவசரத்தில் முகேஷை மட்டும் வெட்டி எடுத்தான்; அசோக்குமாரின் தோளில் கிடந்த முகேஷின் கையை விட்டுவிட்டான். விளைவாக, கோச்சடை முக்கில் நின்ற கண்டன ஃப்ளெக்ஸில் அசோக்குமார் பண்பாட்டுக்காக முறைத்துக்கொண்டிருக்க, அவர் தோளில் உடம்பே இல்லாத ஒரு கை, கருப்புக் கயிறு கட்டிய கை, ஆதரவாக விழுந்து கிடந்தது.

டீக்கடைக்காரர்கள்தான் முதலில் பார்த்தார்கள். "அண்ணே, அது யாரு கைண்ணே?" என்று ஒருவர் கேட்டார். "கட்சிக்காரன் கை" என்றார் அசோக்குமார். எந்தக் கட்சி என்று கேட்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இனி கையெழுத்துக்கு வருவோம்.

முகேஷுக்கு ஜாமீன் கிடைத்தது. ஆனால் உள்ளூரில் வீட்டு வரி கட்டுகிற இரண்டு பேர் ரசீதோடு கோர்ட்டுக்கு வந்து, இவனுக்கு நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அன்றே வெளியே வந்துவிடலாம். போடாவிட்டால்? மறுநாளிலிருந்து கோர்ட்டுக்குப் பொங்கல் லீவு. செல்லக்கிளியின் தெருவில் கையெழுத்துப் போட எல்லோரும் தயார். ஆனால் வீடுகளெல்லாம் புறம்போக்கில் இருப்பதால் வரி ரசீது யாரிடமும் கிடையாது. அடுத்த தெருக்களில் ரசீது உண்டு. அங்கே போய்க் கேட்க முடியுமா? பாட்டே அந்தத் தெருக்களைப் பற்றியது.

எனவே, காலையிலேயே செல்லக்கிளி கண்டுபிடித்தவர்களைத் தேடி மதுரைக்குப் பஸ் ஏறினார். 'எங்கள் மாணவர்' என்று படம் வைத்த பள்ளிக்கூடத்தில், "இப்பப் பரீட்சை நேரம்மா" என்றார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் என்ன பரீட்சையோ, அவர்களுக்குத்தான் வெளிச்சம். முதல் பேட்டி எடுத்த நிருபர், "நான் வாடகை வீடும்மா. ஆனா நீங்க இப்படி அலையுறதை ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா?" என்றார். மிச்சம் இருந்தது அசோக்குமார்.

கோச்சடை வீட்டு கேட்டில் மணியை அமுக்கியதும் அசோக்குமாரின் மனைவி கனகலட்சுமி வெளியே வந்தார்.

"யாரு வேணும்?"

"நான் முகேஷ் அம்மாக்கா. சாரைப் பாக்கணும்."

கனகலட்சுமி உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். நிலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை இல்லை இல்லை என்று ஆடியது.

"அவுக வெளியூரு போயிருக்காக."

"எப்ப வருவாக?"

கனகலட்சுமி மறுபடி திரும்பினார். கை வானத்தைக் காட்டியது. அவருக்கே அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

"பொங்கல் கழிச்சு வருவாகளா இருக்கும். வெயில்ல நிக்கிறீகளே, தண்ணி குடிக்கிறீகளா?"

அந்த நொடியில் உள்ளே போன் அடித்தது. 'படியேறி வா, படியேறி வா' என்று முகேஷ் தன் சொந்தக் குரலில், முழு வால்யூமில், அம்மாவைக் கூப்பிட்டான்.

இனி ஒளிய முடியாது. அசோக்குமார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"அடடே, வாம்மா! இப்பத்தான் பின்வாசல் வழியா வந்து எறங்குறேன். வீட்ல உள்ளவளுக்கே தெரியாது."

"அண்ணே, ஒரு கையெழுத்துண்ணே. சாயங்காலத்துக்குள்ள போடாட்டி நல்ல நாளும் அதுவுமா உள்ள கிடப்பான்."

"கையெழுத்துன்னா நான் யோசிக்கிற ஆளே இல்ல. ஆனா பாரும்மா, நான் பொது மனுசன். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாய்ங்க. அதுவுமில்லாம, எனக்கும் அவனுக்கும் என்னம்மா பழக்கம்? பரோட்டா கொண்டாந்தான், வாங்குனேன்."

"முக்குல அம்புட்டுப் பெரிய போர்டு வச்சிருந்தீகளேண்ணே."

"அது ஃப்ளெக்ஸ் கடைக்காரன் ஆர்வக்கோளாறுல வச்சது."

 செல்லக்கிளி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"சரிங்கண்ணே. மொதல்ல அந்த போன் பாட்டை மாத்திருங்க. போலீசு காதுல விழுந்துச்சுன்னா உங்களையும் தூக்கிட்டுப் போயிருவாய்ங்க. உங்களுக்குக் கையெழுத்துப் போட நான் யாரைத் தேடுறது?"

அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அசோக்குமாரின் போனில் பக்திப் பாட்டு குடியேறியிருந்தது.

ஜெயிலுக்குப் பார்க்க வந்த அம்மாவிடம் முகேஷ் பல பேரைச் சொல்லி அனுப்பியிருந்தான். ஒரே ஒருவரிடம் மட்டும் போகாதே என்று சொல்லியிருந்தான். 'சோலையண்ணன் இருக்க பக்கமே போயிராத. மைக்குக்கு உன்னையும் சேத்து வைவாரு.' மற்ற பேரெல்லாம் தீர்ந்துபோனதால், செல்லக்கிளி சமயநல்லூரில் இறங்கினார். சோலை கடை வாசலில் பொங்கல் விழாவுக்கு ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தார். முகேஷின் அம்மா என்று சொன்னதும் நிமிர்ந்தார்.

"யாரு? மைக்கு நசுக்கி ஆத்தாவா?"

"ஆமாண்ணே."

"எங்க அவன்?"

"உள்ள இருக்கான்."

"எதுக்கு?"

"பாட்டுப் பாடுனதுக்குண்ணே."

"அதெல்லாம் பாட்டாத்தா? கல்லு ஒடைக்கிற மெஷினுக்குள்ள சட்டியப் போட்ட மாதிரி. அதுக்காக உள்ள வைப்பாய்ங்களா? அப்பிடி வைக்கிறதா இருந்தா நம்ம சங்கத்து வரவேற்புரைக்கெல்லாம் தூக்குல போடணுமே!" ஸ்பீக்கரைக் கீழே இறக்கி வைத்தார். "அந்தப் பயல நான் நேருக்கு நேரா நாலு கேள்வி கேக்க வேண்டியது பாக்கி இருக்கு. உள்ள கிடந்தா எப்பிடிக் கேக்குறது? மாப்ள ஜெயபாண்டி, வரி ரசீதை எடுத்துட்டு வண்டிய எடு!"

ஜெயபாண்டி, சோலையின் மச்சினன். பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருப்பவர். முகேஷ் என்ற பெயரையே கேள்விப்படாத ஒரே ஆள் அந்த வட்டாரத்தில் அவர்தான். போனை அவர் பேசுவதற்கு மட்டும் வைத்திருந்தார்.

"யாருக்கு மாமா ஜாமீனு?"

"போற வழியில சொல்றேன், ஏறு."

போகிற வழியில் சோலை மைக் நசுங்கிய கதையைத்தான் சொன்னார். ஆளைப் பற்றிச் சொல்லவில்லை. கோர்ட் முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாஜிஸ்திரேட் முதலில் சோலையைக் கேட்டார்.

"இவர் எப்படிப்பட்டவர்?"

"அய்யா, சாமானைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதவன். மத்தபடி ஓடிப்போற ஆளில்லை."

"உங்களுக்கு இவரைத் தெரியுமா?" என்று ஜெயபாண்டியைக் கேட்டார்.

"இனிமேத்தான்யா தெரியணும்."

முகேஷின் வக்கீல் அவர் காலை ஓங்கி மிதித்தார். "தெரியும்யா, நல்லாத் தெரியும்!" என்று ஜெயபாண்டி அலறினார். கையெழுத்து விழுந்தது. அன்று மாலை முகேஷ் வெளியே வந்தான்.

எங்கே வந்தான் என்கிறீர்கள்? ஜெயில் வாசலில் ரோடு தெரியவில்லை. தலைதான் தெரிந்தது, தலைக்கு மேல் போன்தான் தெரிந்தது. தடை செய்யப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும், அந்தச் சப்பரப் பாட்டை அதுவரை கேட்காதவர்களெல்லாம் தேடித் தேடிக் கேட்டிருந்தார்கள். ஊர்ப் பாடகனாக உள்ளே போனவன், நாடு முழுக்கத் தெரிந்தவனாக வெளியே வந்தான். சோலை அங்கே இல்லை. ஸ்பீக்கர் கட்டப் போய்விட்டார். செல்லக்கிளி இருந்தார். அவரைக் கூட்டம் நெருக்கித் தள்ளிக் காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டவைத்திருந்தது.

அப்போது ஒரு கிரேன் வந்தது. கிரேனில் ஒரு மாலை தொங்கியது. மாலைக்கு அடியில் அசோக்குமார் நின்றார்.

அவர் முகேஷைக் கட்டிப்பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீட்டப்பட்ட மைக்குகளைப் பார்த்தார். பேசினார்.

"சில பேரு கேக்குறாய்ங்க, அசோக்குமார் ஏன் கையெழுத்துப் போடலைன்னு. நான் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? காலையிலயே வெளிய வந்திருப்பான். காலையில வந்தா இந்தக் கூட்டம் கூடுமா? எல்லாரும் ஆபீஸ்ல இருப்பாய்ங்க. சாயங்காலம் வரைக்கும் உள்ள இருந்தாத்தான் இது பெரிசாகும்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அதான் கல்லு மாதிரி மனசை வச்சுக்கிட்டு, அவன் ஆத்தாவையே திருப்பி அனுப்புனேன். தம்பிக்காக அந்தப் பழியையும் நான் சுமக்குறேன்."

கைதட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள்.

சரி, முகேஷ் என்ன செய்தான்? கொடுமையைத் தட்டிக்கேட்கிற கலைஞனாயிற்றே, மைக்கைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பான் என்று நினைக்கிறீர்கள். அவன் கிரேன் மாலையைப் பார்த்தான், கேமராக்களைப் பார்த்தான், அசோக்குமாரின் தோளில் கையைப் போட்டுச் சிரித்தான். சூரியபிரகாஷுக்கு இந்த முறை வெட்டுகிற வேலை மிச்சம். அந்த வாரமே நீண்ட பேட்டி ஒன்று கொடுத்தான். கருப்புக் கண்ணாடி, பின்னால் கருப்புச் சுவர்.

"உங்க வளர்ச்சிக்கு யாருங்க காரணம்?"

முகேஷ் கொஞ்சம் யோசித்தான். யோசிப்பது தெரியும்படி யோசித்தான்.

"யாரும் இல்ல. எனக்கு யாரும் துணைக்கு வரல. என் வலிதான் என்னைத் தூக்கிவிட்டுச்சு."

இதைச் செல்லக்கிளி கொடிக்கால் ஏணியருகே பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் பார்த்தார். "வலியா வந்து கோர்ட்டுல நின்னுச்சு? வரட்டும் வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு வெற்றிலை கிள்ளப் போய்விட்டார்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரே ஒரு நல்ல மனிதராவது தேறுவார் என்று நீங்கள் ஜெயபாண்டியை நம்பியிருப்பீர்கள். நானும் நம்பினேன். போன வாரம் சமயநல்லூரில் அவர் பெட்டிக்கடைப் பக்கம் போனால், கடைக்கு முன்னால் முகேஷ் படம். பீடி வாங்க வந்த ஒருவரிடம் ஜெயபாண்டி சொல்லிக்கொண்டிருந்தார்: "கோர்ட்டுல ஜட்ஜய்யா கேட்டாரு, இவனை உனக்குத் தெரியுமான்னு. அப்பவே சொன்னேன் பாரு, நல்லாத் தெரியும்னு!"

ஆக, இது தொற்றுகிற வியாதி. கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், நீங்களும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். உங்கள் தெருவில் மொட்டை மாடியில் நின்று யாராவது பையன் கத்துகிறானா? 'சத்தத்தைக் குறைடா' என்று ஜன்னலைத் திறந்து நேற்று நீங்கள் அதட்டினீர்களா? நல்லது. பத்து வருஷம் கழித்து அது, 'அவனோட குரலை முதல்முதல்ல கவனிச்சவனே நான்தான்' என்று ஆகிவிடும். அது உங்கள் குற்றமும் இல்லை. நினைவு என்பது நமக்குச் சாதகமாக வேலை செய்கிற பொருள்.

நீங்கள் அந்த ஆள் இல்லை என்கிறீர்களா? சோதித்துப் பார்த்துவிடலாம். உங்கள் வீட்டு வரி ரசீது எந்த அலமாரியில் இருக்கிறது என்று இப்போதே வீட்டில் கேளுங்கள். எதற்கு என்று திருப்பிக் கேட்பார்கள். 'யாராவது ஒரு பையனுக்கு ஜாமீன் போட வேண்டியிருக்கும், கைக்கு எட்டுகிற இடத்தில் எடுத்து வை' என்று சொல்லுங்கள்.

சொல்லவில்லையா? வாயைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டீர்களா?

வாருங்கள் சார். கிரேன் காத்திருக்கிறது.